கவுன்டர் ஸ்ட்ரைக் பாகங்கள் எல்லாவற்றிலும் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது, தாங்கவே முடியாதது எது? படைப்புக்கு வீட்டில் லேன் போடுகிறேன்

வளவுவாசி எழுதியது:

வணக்கம் மக்களே. கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் அடுத்த நிமிடம் சித்தப்பாவுக்குத் தகவல் போய்விடும். வருகிற சித்திரையில் எங்கள் வீட்டில் படைப்பு, அதாவது முன்னோர்களுக்குப் படையல் போட்டுக் கும்பிடுகிற சடங்கு. சென்னை, கோவை, கோலாலம்பூர் என்று சிதறிக் கிடக்கிற பங்காளிகள் எல்லோரும் மூன்று நாள் பெரிய வீட்டில்தான் இருப்பார்கள். பெரியவர்களுக்குச் சாமி, சமையல், பழைய பாக்கி வழக்கு என்று வேலை சரியாக இருக்கும். 12 வயதிலிருந்து 41 வயது வரை உள்ள எங்கள் பதினோரு பேருக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒன்றுமே இருக்காது. போன தடவை ஆளுக்கொரு தூணில் சாய்ந்துகொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தோம். அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது.

அதனால் இந்த முறை வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி லேன் கேபிள் இழுத்து, கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து கவுன்டர் ஸ்ட்ரைக், இரண்டு டீமாகப் பிரிந்து சுட்டுக்கொள்கிற கணினி விளையாட்டு. வைஃபையை நம்ப முடியாது. ரவுட்டர் முகப்பில் இருக்கிறது, இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் சிக்னல் ஒற்றைக் கோடாகிவிடும், சுவரின் கனம் அப்படி. கேபிளைத் தூணோரமாகவே கொண்டுபோகலாம், ஆணி மட்டும் அடிக்கக் கூடாது என்று உத்தரவு.

எந்தப் பாகத்தைப் போடுவது என்பதுதான் சிக்கல். எது சிறந்தது என்று கேட்டால் இங்கே அடிதடி ஆகிவிடும் என்று தெரியும், அதனால் அப்படிக் கேட்கவில்லை. 1999-இல் ஹாஃப் லைஃப் என்ற விளையாட்டின் மேல் ஒட்டவைத்த மாட் (ரசிகர்கள் செய்த மாற்றம்) என்று இருந்த காலத்திலிருந்து 1.6, கண்டிஷன் ஜீரோ, சோர்ஸ், சிஎஸ் கோ, 2023-இல் வந்த சிஎஸ் 2 வரை, எந்த ஒரு அம்சம் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், எது வந்தபோது மவுஸைத் தூக்கி எறியலாம் போல இருந்தது? அதை வைத்து நானே முடிவு செய்துகொள்கிறேன்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிடித்தது, 1.6-இல் எண்களை அடித்தே துப்பாக்கி வாங்குவது. பி, 4, 2 என்றால் ஏகே. பி, 4, 3 என்றால் எம்4, ஆனால் அதற்குத் தீவிரவாதிகளை எதிர்க்கிற பக்கத்து டீமில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் படிக்கும்போது காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 15 ரூபாய் கொடுத்து விளையாடுவோம். அங்கே கீபோர்டில் எழுத்துகளே இருக்காது, தேய்ந்து வழுவழு என்று ஆகிவிட்டிருக்கும், ஆனாலும் ரவுண்டு தொடங்கின அந்த நொடியில் பதினோரு கீபோர்டும் ஒரே தாளத்தில் தடதட என்று கேட்கும். இருபது வருடமாகப் போகிறது, இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு என் விரல் ஏகே வாங்கும்.

பிடிக்காதது, அதே பழைய பாகத்தில் நாம் மீட்க வேண்டிய பணயக்கைதிகள். ஈ பட்டனை அழுத்திக் கூப்பிட்டால் பின்னாலேயே வருவார்கள், வந்து இட்டாலி என்கிற மேப்பில், அதாவது ஆடுகளத்தில், ஏதாவது ஒரு கதவோரத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். திரும்பிப் போய்க் கூட்டிக்கொண்டு வருவதற்குள் நம் கதை முடிந்திருக்கும். சிஎஸ் கோவில் ஒரு ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று மாற்றினார்கள் பாருங்கள், அந்த ஒரு விஷயத்துக்காக அந்தப் பாகத்துக்கு நான் கும்பிடு போடுவேன்.

ரஸ்தா ஸ்னைப்பர் எழுதியது:

தம்பி, உன் கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்கிறது, ஆட்டத்துக்குள் துப்பாக்கி வாங்கக் கிடைக்கிற பணம். இந்த விளையாட்டைத் துப்பாக்கி விளையாட்டு என்று சொல்கிறவர்களுக்கு விளையாடத் தெரியாது. இது கணக்குப்பிள்ளை விளையாட்டு. முதல் ரவுண்டில் எல்லோர் கையிலும் 800, தோற்றால் 1400, அடுத்தடுத்துத் தோற்றால் அது ஓர் எல்லை வரை ஏறிக்கொண்டே போகும். எதிராளியிடம் இப்போது என்ன இருக்கும், இந்த ரவுண்டு கையைக் கடித்துக்கொண்டு வெறும் பிஸ்டலோடு போகலாமா, இருக்கிறதை எல்லாம் கொட்டி வாங்கலாமா என்று மனசுக்குள் பேரேடு போட்டுக்கொண்டே ஓட வேண்டும். பெட்டியடிப் பையனாகப் போய்த் தொழில் கற்றுக்கொண்டவர்களின் ஊர் நம் ஊர், இது நமக்கு ரத்தத்திலேயே இருக்க வேண்டும், ஆனால் என் மச்சான் ஒருவன் இருக்கிறான், கையில் 4750 சேர்ந்ததும் ஏடபிள்யூபி என்கிற ஸ்னைப்பர் துப்பாக்கியை வாங்கிவிடுவான், அப்போது நாங்கள் அதை மேக்னம் என்போம், சட்டை வாங்கக்கூடக் காசு இருக்காது. குண்டு துளைக்காத சட்டையைச் சொல்கிறேன். ஒரே ஒரு குண்டு பட்டதும் படுத்துவிடுவான், அந்த மேக்னத்தை எதிரி எடுத்து நம்மையே சுடுவான். இன்று வரை அவன் நிஜ வாழ்க்கையிலும் அப்படித்தான், அது வேறு கதை.

சிஎஸ் கோவில் இதை இன்னும் நுணுக்கமாக்கினார்கள். 1.6-இல் எதை வைத்துச் சுட்டாலும் ஒரு தலைக்கு 300. சிஎஸ் கோ-வில் துப்பாக்கிக்குத் துப்பாக்கி கூலி வேறு. ஏடபிள்யூபியால் சுட்டால் 100தான், கத்தியால் குத்தினால் 1500. இது நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆபத்துக்கு ஏற்ற வட்டி.

பிடிக்காதது ஷீல்ட். 1.6-இல் வந்த இரும்புக் கேடயம். நினைத்தாலே பல்லைக் கடிக்கத் தோன்றும். டஸ்ட் 2 மேப்பில் பி பக்கச் சுரங்கத்தைத் தாண்டி ஒருவன் கேடயத்தை முன்னால் பிடித்துக் குத்தவைத்து உட்கார்ந்திருப்பான். எத்தனை குண்டு போட்டாலும் டிங் டிங் என்று சத்தம் மட்டும் வரும், நீ ரீலோட் போடும்போது மெதுவாக விலக்கி பிஸ்டலால் ஒன்று வைப்பான். தேவகோட்டையில் நாங்கள் விளையாடிய கடையில் இதையே தொழிலாக வைத்திருந்த ஒரு பையனை, கடைக்காரரே எழுந்து வந்து மவுஸைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போகச் சொன்னார். மீதி நேரத்துக்கான காசையும் திருப்பிக் கொடுத்தார், அதுதான் ஆச்சரியம். போட்டிகளிலும் ஷீல்டை அனுமதிக்க மாட்டார்கள். நீ 1.6 போட்டால் சர்வரைக் கட்டுப்படுத்துகிற ஏஎம்எக்ஸ் மாட் ஏற்றி முதல் வேலையாக ஷீல்டைத் தடை செய்.

வெள்ளைப்பணியாரம் எழுதியது:

அண்ணன்மார்களே, மூச்சுக்கு மூச்சு 1.6. நான் 2018 டிசம்பரில் சிஎஸ் கோ இலவசமானபோது சேர்ந்த ஆள், காரைக்குடியில்தான் படிக்கிறேன், பிரவுசிங் சென்டரை ஜெராக்ஸ் எடுக்க மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் இந்தப் பக்கமும் கேளுங்கள்.

எனக்கு உயிர் சிஎஸ் 2-இல் எதிரியின் கண்ணை மறைக்கப் போடுகிற புகை. பழைய பாகங்களில் புகை என்பது சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை, எங்கே போட்டாலும் அதே உருவம், சுவருக்குள்ளும் பாதி போய் நிற்கும். சிஎஸ் 2-இல் அது நிஜப் புகை மாதிரி இடத்தை நிரப்புகிறது. வெள்ளிக்கிழமை ஆயா சாம்பிராணி போட்டால் அறை நிறைந்து, அப்புறம் வாசலைத் தேடிப் போய், படியிறங்கி வளவுக்கு வருமே, அதே மாதிரி ஜன்னலில் வழியும், படியில் இறங்கும். அதற்குள் ஒரு கையெறி குண்டைப் போட்டால் நடுவில் ஓட்டை விழும். ஓரிரு நொடிதான், அதற்குள் அந்தப் பக்கம் யார் நிற்கிறான் என்று தெரிந்துவிடும், அப்புறம் திரை மறுபடி மூடிக்கொள்ளும். மிராஜ் மேப்பில் ஒருமுறை ஜன்னலுக்குப் போட்ட புகையை இப்படிக் கிழித்தேன், உள்ளே ஒருவன் நிம்மதியாக ரீலோட் செய்துகொண்டிருந்தான், அவன் முகம் எனக்குத் தெரியாது, ஆனால் திடுக்கிட்டிருப்பான் என்று நினைத்து நாலு நாள் சிரித்தேன்.

இன்னொன்று சின்ன விஷயம், யாரும் சொல்ல மாட்டீர்கள். பிங் குறி. இடத்தைக் காட்டி ஒரு பட்டனை அழுத்தினால் நம் டீமுக்கு அடையாளம் தெரியும். கோ காலத்தின் கடைசியில்தான் வந்தது. நான் மைக்கைத் திறப்பதே இல்லை. முதல் மாதம் திறந்தேன், பெண் குரல் என்று தெரிந்ததும் என்னென்ன பேசினார்கள் என்று இங்கே எழுத முடியாது. அதனால் எனக்குப் பிடிக்காத அம்சம் எது என்றால் வாய்ஸ் சாட், துப்பாக்கியோ மேப்போ இல்லை. மேட்ச் தொடங்கியதும் எல்லோரையும் மியூட் செய்துவிட்டு குறி மட்டும் வைத்தே ஆடுவேன். அந்தப் பிங் இல்லையென்றால் எப்போதோ விட்டிருப்பேன்.

வளவுவாசி அண்ணா, உங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளையும் அந்தப் பதினோரு பேரில் சேர்த்திருக்கிறீர்களா, அல்லது அவர்கள் கொழுக்கட்டை பிடிக்கிற கணக்கா?

பாட் மாமா எழுதியது:

கண்டிஷன் ஜீரோவை ஒருவர்கூடச் சொல்லவில்லை, வழக்கம்போல. 2004-இல் வந்தது. அதில்தான் கணினியே ஆடுகிற பாட்கள் ஒழுங்காக வந்தார்கள். புள்ளி சேர்த்து நல்ல பாட்டை நம் டீமுக்கு எடுக்கலாம், ஒவ்வொருவனுக்கும் திறமை வேறு, துணிச்சல் வேறு. எங்கள் வீட்டில் இன்டர்நெட் கிடையாது, பக்கத்து வீட்டில் கணினியே கிடையாது, எனக்கு நண்பர்கள் அந்தப் பாட்கள்தான். சிரிக்காதீர்கள்.

பிடிக்காதது, அதனோடு வந்த டிலீட்டட் சீன்ஸ். தனி ஆளாகக் கதை ஆடுவதற்கு நான் வேறு விளையாட்டு வாங்கியிருப்பேன்.

உனக்கு ஒரு யோசனை தம்பி. பதினோரு பேர் என்றால் ஐந்துக்கு ஆறு. அந்தப் பன்னிரண்டாவது ஆளாக ஒரு பாட்டைப் போடு. கண்டிஷன் ஜீரோ பாட்களை 1.6-இலும் ஓட்டலாம், ஸீபாட் என்று பெயர்.

தேக்கா தேவகோட்டையான் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும், இங்கே ஷிஃப்ட் முடிந்துதான் வந்தேன்.

எனக்குப் பிடிக்காததை முதலில் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. ஸ்கின், துப்பாக்கிக்கும் கத்திக்கும் போடுகிற அலங்காரத் தோற்றம். 2013 ஆகஸ்டில் சிஎஸ் கோ-வில் ஸ்கின் இருக்கிற பெட்டிகளை விட்டார்கள். பெட்டி சும்மா கிடைக்கும், திறக்கச் சாவி வேண்டும், சாவி 2.49 டாலர். திறந்தால் துப்பாக்கிகள் வரிசையாக ஓடும், டிக் டிக் டிக் என்று சத்தம், மெதுவாகும், அரிதாகக் கிடைக்கிற கத்திக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அதற்கு ஒரு கட்டம் தள்ளி ஒரு உதவாக்கரைத் துப்பாக்கியில் விழும். நம் மாநிலத்தில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். எங்கள் பெரியப்பா சீட்டு வாங்கியே ஒரு தோப்பை விட்டவர், தடை வந்த அன்று பெரியம்மா சாமிக்கு விளக்கு ஏற்றினார்கள். சரியாகப் பத்து வருடம் கழித்து நான் சாவி வாங்க ஆரம்பித்தேன். எவ்வளவு போட்டேன் என்று சொல்ல மாட்டேன், வீட்டுக்காரம்மாவும் இதைப் படிக்க வாய்ப்பிருக்கிறது.

கடைசியில் பெட்டியில் கத்தி விழவே இல்லை, சந்தையில் ஒருவரிடம் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். சரி, விலை ஏறும் என்று வைத்திருந்தேன். 2025 அக்டோபரில் ஒரு அப்டேட் விட்டார்கள், ஐந்து சிவப்புத் தர ஸ்கின்களைக் கொடுத்தால் கத்தியாகவே மாற்றிக்கொள்ளலாம் என்று. ஒரே இரவில் கத்தி விலை சரிந்தது. காலையில் எழுந்து பார்த்துவிட்டு எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போனேன், உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

பிடித்தது எது என்று கேட்டால் வெட்கமாகத்தான் இருக்கிறது. எஃப் பட்டனை அழுத்தினால் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாமே, அதுதான். எதிரி வருகிற நேரம், பாம் துடித்துக்கொண்டிருக்கிறது, நான் வெளிச்சத்தில் கத்தியின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படியே பல தடவை செத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். ஊரில் இருக்கிற தம்பியோடு ராத்திரி சேர்ந்து ஆடும்போது சென்னை சர்வர் கிடைத்தால் அவனுக்குச் சுகம், சிங்கப்பூர் கிடைத்தால் எனக்குச் சுகம். யார் தோற்றாலும் பிங்கை, அதாவது சர்வருக்குப் போய் வரும் தாமதத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்வோம். லேனில் அந்தச் சாக்கு இருக்காது, வளவுவாசி, யோசித்துக்கொள்ளுங்கள்.

ரஸ்தா ஸ்னைப்பர் எழுதியது:

வெள்ளைப்பணியாரம் தங்கச்சி சொன்ன புகை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். 1.6-இல் புகை போட்டால் எதிரிக்குக் கண் மறைவதைவிட நம் கணினிக்கு மூச்சு திணறுவதுதான் அதிகம். எங்கள் கடையில் ஒரு மெஷினில் யாராவது புகை போட்டால் ஸ்லைடு ஷோ மாதிரி ஓடும், அந்த மெஷினில் உட்கார்ந்தவனுக்கு மணிக்கு 5 ரூபாய் தள்ளுபடி.

ஆனால் சிஎஸ் 2 பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சப்டிக் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், நீ சுட்ட அந்தத் துல்லியமான நேரத்தையே சர்வருக்கு அனுப்பும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கோ சுவருக்குப் பின்னால் முழுசாக வந்து சேர்ந்த பிறகு செத்துவிழுகிற அனுபவம் குறையவே இல்லை. இதற்கு வயதுதான் காரணம் என்று என் மகன் சொல்கிறான்.

வெள்ளைப்பணியாரம் எழுதியது:

மகன் சரியாகத்தான் சொல்கிறான் அண்ணா.

ஆனால் சுவர் என்றதும் ஞாபகம் வந்தது, நீங்கள் எல்லாம் 1.6-இல் சுவர் வழியாகச் சுடுவீர்களாமே, அது எனக்குப் பொறாமை. டஸ்ட் 2 நடுக்கதவில் இந்தப் பக்கமிருந்து ஏடபிள்யூபி வைத்தால் அந்தப் பக்கம் ஆள் விழுவதை நான் சிஎஸ் கோ-விலும் பார்த்திருக்கிறேன், பழையதில் கனமான சுவரே துளைக்குமாமே. செட்டிநாட்டு வீட்டில் மேப் போட்டால் அதுவும் போகாது.

வளவுவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஒரு சோதனை ஓட்டம் போட்டுப் பார்த்தேன், அதைச் சொல்கிறேன்.

சிஎஸ் 2-ஐ முதலில் விட்டுவிட்டேன். ஒரு மெஷினுக்கு 85 ஜிபி இடம் கேட்கிறது, பதினோரு மெஷினுக்கு எங்கள் ஊர் இணைப்பில் இறக்கினால் அடுத்த படைப்பு வந்துவிடும். தவிர நான் திரட்டியதில் ஐந்து மெஷின் அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப், அதில் கணினி தொடங்கும்போது வருகிற பயாஸ் திரை வந்தாலே பெரிய விஷயம். 1.6-ஐப் பென் டிரைவில் போட்டு ஒவ்வொன்றிலும் காப்பி செய்தேன், அரை மணி நேரத்தில் முடிந்தது. கட்டளை அடிக்கிற கன்சோலைத் திறந்து சர்வர் மெஷினின் முகவரி 192.168.1.5 என்று கனெக்ட் கொடுத்தேன், மேப் ஏறியது, அந்தப் பழைய ரேடியோக் குரல் கேட்டது. வளவில் நின்று கேட்டால் அந்தச் சத்தம் நாலு பக்கத் தாழ்வாரத்திலும் மோதித் திரும்பி வருகிறது. காலடிச் சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது இந்த வீட்டில் நடக்காது, எல்லோரும் ஹெட்போன் கொண்டு வர வேண்டும். திரையை எட்டிப் பார்ப்பதைத் தடுக்க நடுவில் ஜமுக்காளம் கட்டலாம் என்று யோசிக்கிறேன்.

வெள்ளைப்பணியாரம், பதினோரு பேரில் நான்கு பேர் பெண்கள். அதில் ஒருவர் என் அக்கா, மேலே நான் சொன்ன பி, 4, 2 தாளத்தில் முதல் ஆளாக வாங்கி முடிப்பது அவர்தான். கொழுக்கட்டை எல்லோரும் சேர்ந்துதான் பிடிக்கிறோம், எனக்குத்தான் சரியாக வராது.

ஷீல்டுக்குத் தடை போட்டாகிவிட்டது. பாட் மாமா சொன்ன மாதிரி பன்னிரண்டாவது ஆளாக ஒரு பாட், அதற்கு அப்பத்தா பெயரை வைத்திருக்கிறேன், பெரியவர்கள் யாரும் இங்கே வந்து படிக்காமல் இருக்க வேண்டும். ஆயில்ரிக் மேப்பில் ஒருவரை விஐபி ஆக்கிக் காப்பாற்றுகிற ஆட்டம் இருக்கிறதே, அதையும் சேர்த்திருக்கிறேன். 12 வயதுக்காரனை முதல் விஐபி ஆக்கப் போகிறோம்.

ஒன்றே ஒன்றுதான் முடிவாகவில்லை. ஃப்ரெண்ட்லி ஃபயரை ஆன் செய்வதா வேண்டாமா? சொந்த டீம்காரனைச் சுட்டால் அவனுக்கும் அடிபடும். ஆன் செய்தால்தான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும், ஆனால் பாகப் பிரிவினைப் பேச்சு வேறு இந்த வருடம் நடக்கிறது.

இன்னொரு உதவி, லேன் கேபிள்களை எல்லாம் ஒன்றாகச் சேர்க்கிற 16 போர்ட் ஸ்விட்ச் யாரிடமாவது மூன்று நாளுக்குக் கிடைக்குமா? காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் எங்கே இருந்தாலும் வண்டியில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

பாட் மாமா எழுதியது:

பங்காளிகள் ஆடுகிற இடத்தில் ஃப்ரெண்ட்லி ஃபயரை ஆன் செய்யவா என்று கேட்கிறாயே. அது உங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே ஆனில்தானே இருக்கும்.

ரஸ்தா ஸ்னைப்பர் எழுதியது:

16 இல்லை, 8 போர்ட் இரண்டு இருக்கிறது, ஒன்றோடு ஒன்றைக் கோத்துக்கொள். கோத்ததுக்கு இரண்டு ஓட்டை போனாலும் உன் ஆளுக்குப் போதும். சனிக்கிழமை சாயங்காலம் ரஸ்தா பக்கம் வா. ஒன்றில் மூன்றாவது ஓட்டை வேலை செய்யாது, அதில் உன் சித்தப்பாவைப் போடு.